பளபளப்பை அடக்கினால் மலிவுப் பொருளும் மிடுக்காகும்: ஹாலோவீன் அலங்காரம் குறித்து ஒரு விரிவான பதில்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள உங்கள் வீட்டில் அக்டோபர் 31 அன்று இரவு இருபது பேருக்கு விருந்து வைக்கப்போவதாகவும், பிரான்சிலிருந்து வரும் அக்கா குடும்பத்துப் பிள்ளைகளுக்காகத் தாழ்வாரத்தையும் கூடத்தையும் ஹாலோவீன் முறையில் அலங்கரிக்க விரும்புவதாகவும், செலவு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ‘எது எடுத்தாலும்’ கடையில் இரண்டு பிளாஸ்டிக் மண்டையோடுகள், ஆறு ஆரஞ்சு நிறப் பூசணிக் கூடைகள், ஒரு பை சிலந்திகள், வலைப்பஞ்சு ஆகியவற்றை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். மேசையில் பரப்பிப் பார்த்தால் குழந்தையின் பிறந்தநாள் விழா போலத்தான் இருக்கிறது, பெரிய விடுதிகளின் படங்களில் காணும் மிடுக்கு வரவில்லை, என்ன செய்வது என்பது உங்கள் கேள்வி. திருமண மேடை, நவராத்திரிக் கொலு, கிறிஸ்துமஸ் குடில் என்று புதுச்சேரியிலும் கடலூரிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அலங்கார வேலை செய்துவருகிறேன். கடந்த சில ஆண்டுகளாக ஹாலோவீன் விருந்துகளுக்கும் அழைக்கிறார்கள். வாங்கிய பொருள்களில் எதையும் நீங்கள் தூக்கிப்போட வேண்டியதில்லை.

மலிவான பொருள் மலிவாகத் தெரிவதற்குக் காரணம் அதன் வடிவம் இல்லை. நீங்கள் வாங்கிய மண்டையோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பல்வரிசையும் கன்ன எலும்பும் கண்குழியும் சரியாகவே அமைந்திருக்கும். ஆனால் அதன் மேல்தோல் முழுவதும் ஒரே மாதிரி மினுங்கும்; இரு பாதிகளையும் அச்சில் ஒட்டிய கோடு உச்சந்தலை வழியாக ஓடும்; பள்ளமும் மேடும் ஒரே நிறத்தில் இருக்கும். அதன் பக்கத்தில் ஆரஞ்சும் ஊதாவும் கிளிப்பச்சையுமாக வேறு பொருள்கள் சேரும்போது கண் எதிலும் நிற்காது. பட்டுப்புடவையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜரிகை உடல் முழுவதும் ஓடினால் கண் கூசும்; அடங்கிய நிறத்தில் உடல் இருந்து, கரையிலும் முந்தானையிலும் மட்டும் ஜரிகை நின்றால்தான் எடுப்பாக இருக்கும். ஹாலோவீன் அலங்காரத்துக்கும் இதுவே கணக்கு. எல்லாப் பொருளின் மினுமினுப்பையும் முதலில் அடக்கிவிட்டு, மின்ன வேண்டிய இடத்தை நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆகவே நிறங்களை மூன்றோடு நிறுத்துங்கள். மங்கலான கறுப்பு, பழைய பொன்னின் நிறம், அவற்றோடு அரக்கு என்பது என் தேர்வு. நம் வீடுகளின் மரக்கதவுக்கும் சிவப்புத் தரைக்கும் அரக்கு ஒட்டிப்போகும். வீடு முழுவதும் தூவுவதைவிட வாசற்கதவு, சாப்பாட்டு மேசை என்ற இரண்டு இடங்களில் மட்டும் அலங்காரத்தைக் குவித்துவிட்டு மற்ற சுவர்களை அப்படியே விடுங்கள். 2,500 ரூபாயைப் பத்து இடங்களில் பிரித்தால் பத்தும் ஏழ்மையாகத் தெரியும்.

மண்டையோட்டிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் அதில் கை பழகினால் மற்றவை எளிது. பாத்திரம் துலக்கும் சோப்பால் நன்றாகக் கழுவி, துடைத்து, ஒரு நாள் உலர விடுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தொழிற்சாலையில் தடவும் எண்ணெய்ப் பசை மேலே இருந்தால் எந்தப் பெயிண்ட்டும் பிடிக்காது. பிறகு 220 எண் உப்புத்தாளால் ஒட்டுக்கோட்டைத் தேய்த்துச் சமப்படுத்தி, மீதிப் பரப்பை 320 எண் தாளால் மினுக்கம் போகும் அளவுக்கு மட்டும் லேசாக உரசுங்கள். கோட்டில் இடைவெளி இருந்தால் குழாய் வேலைக்குப் பயன்படும் எம்-சீலைப் பிசைந்து அடைத்து, இறுகியபின் தேய்க்கலாம். விரலால் தடவினால் சுண்ணாம்புச் சுவர் போலச் சற்றுச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். வழுக்கினால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று பொருள்.

அதன்மேல் ‘மேட்’ எனப்படும், மினுக்கமில்லாத கறுப்பு ஸ்பிரே பெயிண்ட். டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, பொருளிலிருந்து 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கை ஓரிடத்தில் நிற்காமல், பொருளுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வீசுங்கள். முதல் பூச்சில் அடிநிறம் தெரியத்தான் செய்யும். அதைப் பார்த்து அவசரப்பட்டு ஓரிடத்திலேயே அடித்தால் பெயிண்ட் கண்ணீர் போல வழிந்து, அந்த வழிசலே மலிவைக் காட்டிக்கொடுத்துவிடும். பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய பூச்சுகள் போதும். இரவு முழுவதும் காய விடுங்கள்.

மறுநாள் செய்யும் வேலைதான் இதன் உயிர். எழுதுபொருள் கடையில் துணி ஓவியத்துக்காக விற்கும் பொன்னிற அக்ரிலிக் சிறு புட்டி ஒன்று வாங்கி, ஒரு மூடியில் நான்கைந்து சொட்டு விட்டு, அதில் காப்பிக்கொட்டை நிறப் பழுப்பு ஒரு சொட்டைக் கலந்துகொள்ளுங்கள். புட்டியிலிருந்து வரும் பொன்னிறம் புதுப் பித்தளைச் சாமான் போலப் பளிச்சென்று இருக்கும். அந்த ஒரு சொட்டுப் பழுப்புதான் அதற்கு வயதைக் கொடுக்கிறது. மயிர் தேய்ந்த பழைய தூரிகையின் நுனியை அதில் தொட்டு, செய்தித்தாளில் திரும்பத் திரும்பத் துடையுங்கள். தாளில் நிறம் விழுவது ஏறக்குறைய நின்ற பிறகு, அந்தத் தூரிகையை மண்டையோட்டின் மேடுகளில் மட்டும் வருடுங்கள்: புருவ எலும்பு, கன்னத்தின் மேல்விளிம்பு, பல்லின் நுனி, தாடையின் ஓரம். முதல் சில வருடலில் எதுவும் நடக்காதது போல இருக்கும். பத்தாவது வருடலில் எலும்பின் விளிம்புகள் பொன்னில் எழுந்துவரும், கண்குழிகள் கறுப்பிலேயே தங்கிவிடும். வெண்கலத்தில் வார்த்து நூறு ஆண்டுகள் ஆன சிலையில், கைபடும் இடம் மட்டும் மின்னி, மடிப்புகள் கறுத்திருக்குமே, அந்தத் தோற்றம் வந்துவிடும். அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று கை போனால் மீண்டும் பொம்மையாகிவிடும்.

இரண்டாவது மண்டையோட்டை வேறு விதமாகச் செய்யுங்கள். தந்த நிறத்தில், மினுக்கமில்லாத சுவர்ப் பெயிண்ட்டைப் பூசிக் காயவைத்து, பழுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீர் போலக் கரைத்து முழுவதும் தடவி, அது உலர்வதற்குள் ஈரத்துணியால் மேடுகளை மட்டும் துடைத்து எடுத்தால், பள்ளங்களில் அழுக்கு படிந்த பழைய எலும்பின் தோற்றம் கிடைக்கும். கறுப்பும் தந்தமுமாக இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றை ஒன்று தூக்கிக்காட்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள், இரண்டும் என் கையில் நேர்ந்த நஷ்டத்தால் கற்றவை. ஒரு முறை தெர்மோகோலில் செதுக்கிய பெரிய மண்டையோட்டின்மேல் நேராக ஸ்பிரே பெயிண்ட் அடித்தேன். அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்று, முகம் அரைமணி நேரத்தில் கறையான் அரித்தது போலாகிவிட்டது. தெர்மோகோல் என்றால் முதலில் தண்ணீர் கலந்த ஃபெவிக்காலையோ சுவர் எமல்ஷனையோ இடைவெளி விடாமல் இரண்டு முறை பூசிக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் கரையும் பெயிண்ட்டைத் தூரிகையால் மட்டுமே பூச வேண்டும். மற்றொரு முறை, அக்டோபர் கடைசியில் மழை விட்ட மாலை நேரத்தில் மொட்டை மாடியில் அடித்த கறுப்பெல்லாம் காலையில் சாம்பல் பூத்துக் கிடந்தது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து வெண்மையாகப் படர்கிறது. ஆகையால் விருந்துக்கு ஒரு வாரம் முன்பே, வெயில் முகம் காட்டும் ஒரு நாளில், காலை பதினொன்றுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் இந்த வேலையை முடித்துவிடுங்கள். திறந்த வெளியில், முகக்கவசம் அணிந்து, அருகில் அடுப்போ விளக்கோ இல்லாமல் செய்ய வேண்டும். டப்பாவுக்குள் இருக்கும் வாயு தீப்பற்றக்கூடியது.

அடுத்து மெழுகுதிரித் தண்டுகள். மேசைக்கு மிடுக்கைத் தருவது உயரம். தட்டையாகப் பரப்பிய எந்தப் பொருளும் சந்தைக் கடை போலத்தான் இருக்கும். உயரமான தண்டுகளைக் கடையில் வாங்கினால் உங்கள் தொகை அதிலேயே தீர்ந்துவிடும். அதற்குப் பதிலாக, தையல்கடையில் தீர்ந்துபோன நூல் கோன்களைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். ஒரு சிறு பிளாஸ்டிக் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் கோன், கோனின் தலையில் இரண்டு பழைய வளையல்கள், அதன்மேல் கவிழ்த்த ஐஸ்கிரீம் கிண்ணம், அதன்மேல் மற்றொரு கோன், உச்சியில் ஒரு சிறு தட்டு என்று அடுக்கி, அரால்டைட்டால் ஒட்டி, மேலே சொன்னபடியே உரசிக் கறுப்படித்து, வளையல் விளிம்புகளில் மட்டும் பொன் வருடினால், கடைசல் மரத்தண்டு என்றே விருந்தினர் நினைப்பார்கள். எதனால் ஆனது என்பதைக் கறுப்பு மறைத்துவிடுகிறது. கண்ணுக்கு வளைவும் நெளிவும் மட்டுமே தெரிகின்றன. ஒட்டுவதற்கு முன் அடிக்கோனுக்குள் மணலையோ சரளைக்கல்லையோ நிரப்பி அடைத்துவிடுங்கள், ஏனெனில் உங்கள் தாழ்வாரத்தில் கடற்காற்று வீசும்.

மெழுகுதிரிகளும் மெழுகாக இருக்க வேண்டியதில்லை. துணிக்கடையில் துணி சுற்றிவரும் அட்டைக் குழாய்களை வெவ்வேறு உயரங்களில் அறுத்து, மேல்விளிம்பைக் கையால் சற்றுப் பிய்த்து ஒழுங்கில்லாமல் ஆக்குங்கள். குளூ கன்னால் விளிம்பைச் சுற்றிப் பசையை விட்டு, அங்கங்கே கீழே வழியவிட்டு, வழிந்த துளி முடியும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தினால் மெழுகுச் சொட்டு போலத் திரண்டு நிற்கும். துளிகள் ஒரே நீளத்தில் இருந்தால் பொய் தெரிந்துவிடும். ஒரு பக்கம் மூன்று நீள வழிசல், மறுபக்கம் ஒன்றே ஒன்று என்று விடுங்கள். தந்த நிறச் சுவர்ப் பெயிண்ட் பூசி, விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே அட்டை வைத்து, பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. விளக்கை உள்ளே அமர்த்திவிட்டால் விளக்கு கண்ணில் படாமல் ஒளி மட்டும் வழியும். அந்த விளக்குகளில் பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற காசு வடிவப் பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும் அளவுக்கு ஆபத்தானது என்பதால், அடிமூடி திருகாணியால் முடுக்கப்பட்டதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுங்கள்.

பூசணிக் கூடைகள் குறித்து வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். அவை வளையும் பிளாஸ்டிக். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். அத்தகைய பிளாஸ்டிக்கில் சாதாரணப் பெயிண்ட் உரிந்துவிடும் என்பதால், உப்புத்தாளுக்குப் பிறகு பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சை ஒரு முறை அடிக்க வேண்டும், பெயிண்ட் காய்ந்தபின் அழுத்தக் கூடாது. கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, மூன்றைக் கறுப்பாகவும், இரண்டை அரக்காகவும், ஒன்றை மட்டும் பழைய பொன்னாகவும் ஆக்குங்கள். சிரிக்கும் முகம் அச்சிட்ட பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால் வரிவரியான பின்புறம் அழகாக முன்னே வரும். மேலே திறந்திருக்கும் வாயில் காய்ந்த கொடியையும் சவுக்குக் காய்களையும் நிரப்புங்கள்.

இவற்றோடு உண்மையான காயும் ஒன்று இருந்தால் மேசைக்கு உயிர் வரும். இந்தப் பண்டிகை அயர்லாந்து வழக்கிலிருந்து வளர்ந்தது. அங்கே முதலில் குடைந்தது டர்னிப் கிழங்கைத்தான், அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அங்கே பெரிதாகவும் குடைய எளிதாகவும் கிடைத்த பூசணிக்கு மாறினார்கள். அந்தக் காய் நமக்குப் புதியதல்ல. பரங்கியர் என்று நாம் அழைத்த ஐரோப்பியரோடு கடல் கடந்து வந்த காய் என்பதால்தான் அதைப் பரங்கிக்காய் என்கிறோம், போர்த்துக்கீசியர் வந்திறங்கிய பரங்கிப்பேட்டையின் பெயரில் இருப்பதும் அதே பரங்கிதான். பெரிய மார்க்கெட்டில் வரிகள் ஆழமாக விழுந்த பரங்கிக்காயாகப் பார்த்து வாங்குங்கள். குடைந்தால் நம் வெப்பத்தில் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்து எறும்பு மொய்க்கும். குடைவதாக இருந்தால் விருந்தன்று பிற்பகலில்தான் குடைய வேண்டும். குடையாமல், காம்பில் மட்டும் பொன் வருடி அப்படியே வைப்பதையே நான் விரும்புகிறேன். வாசலுக்கு வெள்ளைப் பூசணி போதும். புதுவீடு கட்டும் இடங்களில் பிதுங்கிய கண்ணும் கோரைப்பல்லும் முறுக்கிய மீசையுமாக முகம் எழுதித் தொங்கவிடும் திருஷ்டிப் பூசணியைவிடச் சிறந்த ஹாலோவீன் முகத்தை நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை. அக்கா பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். கறுப்பிலும் அரக்கிலும் மட்டும்.

துணிக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். மேசைக்குக் கறுப்புக் காடாத் துணி, அதன்மேல் மல் துணி. மல் துணியைக் கெட்டியான தேயிலைத் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் காயவைத்தால் திட்டுத்திட்டாகப் பழுப்பேறும். ஓரங்களைக் கத்தரிக்காமல் கையால் கிழித்து நூல்களை இழுத்துவிடுங்கள். வீட்டில் பழைய அரக்குப் பட்டுப்புடவை இருந்தால், அதை வெட்டாமல் நீளவாக்கில் மடித்து, ஜரிகைக் கரை விளிம்பில் தெரியும்படி மேசையின் நடுவில் விரியுங்கள். உருகும் மெழுகு இல்லாததால் புடவைக்கு ஆபத்தில்லை. பொன்னிறம் காய்ந்த பொருள்களை மட்டும் அதன்மேல் வையுங்கள்.

வாசலில் நிற்க வேண்டியது கிளைகள். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கடற்கரையை ஒட்டிச் சவுக்குத் தோப்புகள் இருக்கின்றன. விறகுக் கடையில் காய்ந்த மிலார்களை ஒரு கட்டு கேட்டு வாங்கி, இரண்டு நாள் வெயிலில் போட்டுப் பூச்சிகளை விரட்டி, கறுப்படித்து, வில்லியனூர் மண்பானைகள் இரண்டில் கதவின் இருபுறமும் ஆளுயரத்துக்கு நிறுத்துங்கள். உதிர்ந்து கிடக்கும் தென்னம்பாளை கிடைத்தால் விடாதீர்கள். கறுப்படித்த இரண்டு பாளைகளைக் கதவின் மேல் எதிரெதிராகச் சாய்த்துக் கட்டினால், மாபெரும் வௌவாலின் சிறகுகள் விரிந்தாற்போல இருக்கும். கடையில் அதற்கு ஈடான பொருளை எந்த விலைக்கும் நான் பார்த்ததில்லை. கிளைகளில் கறுப்புப் பாசிமணிச் சரங்களைத் தொங்கவிடலாம். நவராத்திரி முடிந்ததும் கொலுவுக்காக வந்த மணிச்சரங்களும் ஜரிகை நாடாக்களும் விலை இறங்கும், அப்போது வாங்குங்கள்.

வலைப்பஞ்சைப் பிடிப்பிடியாக வைத்தால் மெத்தை கிழிந்தது போலிருக்கும். அப்பால் இருப்பது தெரியும்வரை இழுத்து மெல்லிதாக்கி, ஒரே மூலையில் கட்டுங்கள். வெளியில் கட்ட வேண்டாம், சிறு பறவைகள் சிக்கிக்கொள்ளும். ஒரு பை சிலந்தியில் ஐந்து போதும். ஐந்தும் ஒரே திசையில் ஊர்வது போல வையுங்கள். ஜிகினாத் தூளைத் தயவுசெய்து தொடாதீர்கள்; சோற்றிலும் குழந்தைகளின் கண்ணிலும் விழும். காகப் பொம்மைகளை நான் பயன்படுத்துவதில்லை. முன்னோருக்கென்று சோறு வைக்கும் பறவையை அச்சப்பொருளாக நிறுத்த இங்கே பலருக்கும் மனம் ஒப்புவதில்லை. அதே காரணத்துக்காகச் சிலுவை, கல்லறைக்கல் ஆகியவற்றையும் விலக்கச் சொல்வேன். ஹாலோவீன் என்ற சொல்லுக்கே புனிதர் அனைவர் திருநாளின் முந்தைய மாலை என்றுதான் பொருள்; அந்தத் திருநாள் நவம்பர் 1. மறுநாள், நவம்பர் 2, கல்லறைத் திருநாள்; அன்று இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்கள் கல்லறைக்குச் சென்று, துடைத்துச் சுத்தம்செய்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி நிற்கும். உங்கள் தெருவிலும் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கும்.

எல்லாம் வைத்து முடித்தபின் ட்யூப் லைட்டை அணைக்காவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். வெள்ளை ட்யூப் வெளிச்சம் மேலிருந்து சமமாக விழுந்து நிழல்களை அழித்துவிடுகிறது. நிழல் போனால் கறுப்புக்கும் பொன்னுக்கும் நாம் உருவாக்கிய வேறுபாடு போய்விடும். கூடத்தில் ஒன்றிரண்டு 2700 கெல்வின் மஞ்சள் பல்புகளை மட்டும், அதுவும் மூலையில், தரையோரமாக எரியவிடுங்கள். வாசல் கிளைகளுக்குள் மஞ்சள் ஒளி தரும் ஒற்றை சீரியல் செட், அணைந்து அணைந்து எரியாமல் நிலையாக. பொன்னிற மண்டையோட்டின் பின்னால், கீழே, ஒரு சிறு எல்.இ.டி. விளக்கை ஒளித்துவைத்தால் கண்குழிகள் இன்னும் ஆழமாகும். சிவப்பு, பச்சை, ஊதா பல்புகள் வேண்டாம். குடும்பத்தார் உண்மையான மெழுகுதிரிதான் வேண்டும் என்று சொன்னால், கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, வலைப்பஞ்சு, மல் துணி, காய்ந்த மிலார் ஆகிய மூன்றுக்கும் எட்டாத தொலைவில், பெரியவர் ஒருவர் பார்வையில் மட்டும் ஏற்றுங்கள். மூன்றும் கணத்தில் பற்றிக்கொள்பவை.

நீங்கள் இனி வாங்க வேண்டியவை கறுப்பு ஸ்பிரே இரண்டு டப்பா, அரக்கு ஒன்று, பிரைமர் ஒன்று, பொன்னும் பழுப்புமாக இரண்டு சிறு புட்டிகள், உப்புத்தாள், எம்-சீல், அரால்டைட், நான்கு மீட்டர் காடாவும் மூன்று மீட்டர் மல் துணியும், ஒரு டஜன் எல்.இ.டி. விளக்குகள். பெயிண்ட்டை ஹார்டுவேர் கடையிலும், மற்றவற்றைக் காந்தி வீதி ஞாயிறு சந்தையிலும் நேரு வீதியை ஒட்டிய ஃபேன்சி கடைகளிலும் விசாரித்து வாங்கினால் உங்கள் தொகைக்குள் அடங்கும். தந்த நிறச் சுவர்ப் பெயிண்ட்டுக்குத் தனியாகச் செலவழிக்காமல், வெள்ளையடித்த வீட்டில் மிச்சம் இருப்பதைக் கேட்டுப் பாருங்கள்.

விருந்துக்கு முந்தைய இரவு விளக்குகளை மட்டும் ஏற்றி, வாசலுக்கு வெளியே தெருவில் நின்று ஒரு முறை பாருங்கள்; எது கண்ணை உறுத்துகிறதோ அதை எடுத்துவிடுங்கள், அதற்கு மாற்றாக எதையும் வைக்க வேண்டாம். விருந்து முடிந்ததும் பேட்டரிகளைக் கழற்றி, பெயிண்ட் அடித்த பொருள்களைச் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மே மாத வெயிலில் பெயிண்ட் இளகிப் பையோடு ஒட்டி, பிரிக்கும்போது பொன் முழுவதும் பையோடு வந்துவிடும்.